புது லைனுக்கு யார் தாங்குவார்கள் என்று மார்க் போட முடியுமா? (சி.ஏ.ஏ.எஸ். 24 கேள்விப் படிவம்)

கொங்கு_ட்ரெய்னிங்

வணக்கம். எஞ்சின் பாகம் கடையும் யூனிட், 160 பேர். மூணு மாசத்தில் பாதி லைன் மின்வாகன மோட்டார் ஹவுசிங்குக்கு மாறுது. மீதிப் பாதி என்ன ஆகும்னு இன்னும் முடிவாகலை. மேலிடம் கேட்பது: "மாற்றத்துக்கு யார் ஈடுகொடுப்பாங்க, யார் மாட்டாங்க, ஆளுக்கு ஒரு மார்க் போட்டு எக்செல் ஷீட்டா குடு."

தேடினதில் சி.ஏ.ஏ.எஸ். (Career Adapt-Abilities Scale, வேலை மாற்றத்துக்கு ஒருத்தர் எவ்வளவு தயார்னு பார்க்கிற கேள்வித்தாள்) என்கிற படிவம் கிடைச்சது. மூணு சந்தேகம். பாஸ் மார்க் எவ்வளவு? மொத்த மார்க் மட்டும் பார்த்தால் போதுமா? கூகுளில் போட்டுத் தமிழாக்கினால் ஆகுமா?

அளவைமணி

பாஸ் மார்க் என்று ஒன்று இல்லை. மொத்த மார்க்கை மட்டும் பார்த்தால் படிவத்தின் பாதிப் பயன் போய்விடும். மூன்றாவதற்கு இழையில் வேறு யாராவது வருவார்கள், எனக்கு மொழி கைவராது.

படிவத்தின் பின்னணி: 'தொழில் தகவமைவு' (மாறும் வேலைக்கு ஏற்பத் தன்னைப் பொருத்திக்கொள்ளும் திறன்) என்ற கருத்தை டொனால்ட் சூப்பரும் எட்வர்ட் நேசலும் 1981-ல் முன்வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருந்திய 'தொழில் முதிர்ச்சி' என்ற சொல் பெரியவர்களுக்குப் பொருந்தவில்லை என்பதுதான் காரணம். நாற்பது வயதுக்காரரை 'முதிராதவர்' என்று சொல்ல முடியாது, அவருக்கு வேலை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மார்க் சாவிக்கஸ் என்ற ஆய்வாளர் அதை விரிவாக்கினார். சாவிக்கஸும் எரிக் போர்ஃபெலியும் 13 நாடுகளின் ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய படிவம் 2012-ல் வெளியானது. 24 கேள்வி, நான்கு பகுதி, பகுதிக்கு 6 கேள்வி. அக்கறை, கட்டுப்பாடு, ஆர்வம், தன்னம்பிக்கை என்று பகுதிகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. ஆக ஒரு பகுதிக்கு 6 முதல் 30, மொத்தம் 24 முதல் 120.

இனி முக்கியமான விஷயம். இந்தப் படிவத்தில் எதிர்மறைக் கேள்வி ஒன்றுகூட இல்லை. 24-ம் நல்ல குணங்கள். 'வேலை போகுமா இருக்குமா' என்பது இந்த மார்க்கில் தொங்குகிறது என்று தெரிந்தால், படிக்கத் தெரிந்த எவரும் வரிசையாக 5 போட்டுவிட்டுப் போவார். தேர்வுக்கும் ஆள்குறைப்புக்கும் இது உதவாது. யாருக்கு எந்த வகைத் துணை தேவை என்று பார்க்க உதவும். உங்கள் மேலிடம் கேட்பது முதலாவது, படிவம் தருவது இரண்டாவது. அதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

வழித்துணை

அளவைமணி சார் சொன்ன நான்கு பகுதியையும் தாழ்ந்த பக்கத்திலிருந்து பார்த்தால்தான் ஆலோசனை மேசையில் பயன். சாவிக்கஸே அப்படித்தான் வகுத்திருக்கிறார். அக்கறை குறைந்தால் அசிரத்தை, கட்டுப்பாடு குறைந்தால் முடிவெடுக்க முடியாமை, ஆர்வம் குறைந்தால் நடப்புக்கு ஒவ்வாத எதிர்பார்ப்பு, தன்னம்பிக்கை குறைந்தால் தயக்கம்.

ஒரே மொத்த மார்க் வாங்கிய இரண்டு பேரை எடுங்கள். ஒருவருக்கு 14, 24, 23, 25. இன்னொருவருக்கு 25, 23, 24, 14. இருவருக்கும் மொத்தம் 86. முதல் ஆள் கை சுத்தம், வேலை தெரியும், ஆனால் ஆறு மாதம் கழித்து லைன் இருக்காது என்பது அவர் மண்டைக்குள் இன்னும் போகவில்லை. அவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் 'எனக்கெதுக்கு' என்பார். அவரோடு உட்கார்ந்து மாதவாரியாக என்னென்ன மாறப்போகிறது என்று காகிதத்தில் எழுத வேண்டும். இரண்டாம் ஆளுக்கு எல்லாம் தெரியும், இரண்டு வருடமாக அதைப் பற்றியே பேசுகிறார். 'இந்த வயசுல நமக்கு வருமா' என்பதுதான் முட்டுக்கட்டை. அவருக்கு எதிர்காலத் திட்டம் பற்றி இன்னொரு வகுப்பு எடுத்தால் தயக்கம்தான் கூடும். சின்னதாக ஒரு வேலையைப் புது மெஷினில் செய்து முடிக்க விட வேண்டும். 86, 86 என்று எக்செலில் ஏற்றினால் இருவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைப்பீர்கள்.

கொங்கு_ட்ரெய்னிங்

இது புரியுது சார். ஆனா 14-க்கும் 24-க்கும் இடைவெளி பெரிசு, கண்ணுக்கே தெரியுது. 19-ம் 22-ம்னு வந்தா?

அளவைமணி

அதை வித்தியாசம் என்றே எடுக்கக்கூடாது. கணக்கு இதோ, உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பகுதியின் நம்பகத்தன்மை (குரோன்பாக் ஆல்ஃபா: அதன் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது) 0.80, திட்டவிலக்கம் (மார்க்குகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 4 என்று வைத்துக்கொள்வோம். 1-லிருந்து 0.80 போனால் 0.20, அதன் வர்க்கமூலம் 0.447, அதை 4-ஆல் பெருக்கினால் 1.79. இதுதான் அளவீட்டுப் பிழை. 95 சதவீத உறுதிக்கு 1.96-ஆல் பெருக்க 3.5 வரும். ஆக 20 வாங்கியவரின் 'உண்மையான' மார்க் 16.5-க்கும் 23.5-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். இரண்டு பகுதிகளை ஒப்பிடும்போது பிழையும் இரண்டு பக்கமிருந்து வரும்: 1.79-ஐ 1.414-ஆல் பெருக்க 2.53, அதை 1.96-ஆல் பெருக்க சுமார் 5. அதாவது இரண்டு பகுதிக்கும் நடுவில் குறைந்தது 5 மார்க் இருந்தால்தான் 'இவருக்கு இது பலம், இது பலவீனம்' என்று வாய் திறக்கலாம்.

பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின் ஒப்பீட்டுக்கும் இதே கணக்குதான். 18 இருந்தது 21 ஆனது என்று சான்றிதழ் அடிக்காதீர்கள்.

இன்னொன்று. மேஜையில் உட்கார்ந்து 24 அதிகம் என்று 12 கேள்விச் சுருக்க வடிவத்துக்குத் தாவுகிறவர்கள் உண்டு. மாஜியோரி, ரோசியே, சாவிக்கஸ் மூவரும் செய்தது, நல்ல வடிவம். ஆனால் பகுதிக்கு மூன்றே கேள்வி. 160 பேரின் சராசரி பார்க்க அது போதும், தனி ஆளைப் பற்றிப் பேச 24-ஐயே எடுங்கள்.

சொல்தச்சன்

மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டேன். கூகுளில் போட்டால் ஆகாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவைமணி எழுதிய நான்கு பெயர்களே தகராறு. 'கட்டுப்பாடு' என்றால் தமிழில் ஒழுக்கம், பத்தியம். 'கட்டுப்பாடான பையன்' என்றால் அப்பா சொன்னதைக் கேட்கிறவன். படிவம் கேட்பது நேர் எதிர்: தன் பாதையைத் தானே பொறுப்பேற்று முடிவு செய்வது. நான் 'தன்பொறுப்பு' என்று வைப்பேன். 'ஆர்வம்' என்பது விருப்பம் என்றே காதில் விழும். 'தேடல்' கொஞ்சம் ஆன்மிகமாக ஒலித்தாலும் பரவாயில்லை, அர்த்தம் நெருக்கம். 'அக்கறை' சரிதான், ஆனால் அவசரத்தில் யாராவது 'கவலை' என்று போட்டுவிடுவார்கள். அது படிவத்தையே தலைகீழாக்கிவிடும். 'முன்னோக்கு' என்று வைத்தால் அந்த ஆபத்து இல்லை.

அடுத்தது கேள்விகள். தன் நம்பிக்கைகளுக்காக நின்று பேசுவது பற்றி ஒரு வரி உண்டு. 'நம்பிக்கை' என்று எழுதினீர்களானால் ஒருவர் கடவுள் நம்பிக்கை என்று எடுப்பார், இன்னொருவர் 'எல்லாம் நல்லா நடக்கும்' என்ற நம்பிக்கையாக எடுப்பார், மூன்றாமவருக்கு அது தன்னம்பிக்கை. ஒரே சொல் மூன்று பகுதிக்குள் புகுந்து கலக்கிவிடும். 'எனக்குச் சரி என்று படுவதை விட்டுக்கொடுக்காமல் சொல்வது' என்று விரித்து எழுதினால்தான் தப்பிக்கலாம்.

'நானே முடிவெடுப்பது' என்பது அடுத்த கண்ணி. வீட்டில் கலந்து பேசி முடிவெடுப்பதை நம்மூரில் பலவீனமாக யாரும் நினைப்பதில்லை. 'நானே' என்ற ஏகாரத்தைப் பார்த்ததும் 'யாரையும் கேக்காமலா?' என்று பேனா 2-க்குப் போகும். 'மற்றவர்களைக் கேட்டாலும் கடைசி முடிவை நான் எடுப்பது' என்று எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் அப்போது மூலக் கேள்வி மாறிவிட்டது. மாற்றியதைக் குறித்து வைக்க வேண்டும். பிறநாட்டுச் சராசரியோடு ஒப்பிடும் உரிமையும் அந்த இடத்தில் போய்விடுகிறது.

'எதிர்காலம் எப்படி இருக்கும் என்று யோசிப்பது' பார்ப்பதற்கு அப்பாவி வரி. ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறவர் இதற்குத் தாராளமாக 5 போடுவார். திட்டமிடுகிறவரும் 5 போடுவார். மார்க் ஒன்று, மனநிலை இரண்டு. இப்படிப்பட்ட பிழை எந்தப் புள்ளியியல் மென்பொருளிலும் தெரியாது. ஆளை உட்கார வைத்து, 'இந்த வரியை உங்க சொல்லில் சொல்லுங்க, ஏன் 5 போட்டீங்க?' என்று கேட்டால் மட்டும் வெளியே வரும்.

விடைத் தெரிவுகளும் அப்படியே. மூலத்தில் உச்ச வலு, மிக வலு, வலு, ஓரளவு வலு, வலு இல்லை. ஐந்தில் நான்கு நல்ல பக்கம், நடுவில் நிற்கும் 3-ஏ 'வலு'. நம் வழக்கப்படி 'உண்டு, சுமார், இல்லை' என்று சமமாக்கினால் மார்க் எல்லாம் இடம் மாறும். 'வலு' என்ற சொல் கொங்குப் பக்கம் பேச்சில் உண்டு, சென்னைப் பக்கம் 'ஸ்ட்ராங்' என்றே அடைப்பில்லாமல் எழுதலாம், தவறில்லை.

முறை: இரண்டு பேர் தனித்தனியே தமிழாக்குவது, உட்கார்ந்து ஒன்றாக்குவது, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திரும்ப ஆங்கிலமாக்குவது, வேறுபாடுகளைச் சரிபார்ப்பது, 8 முதல் 10 பேரிடம் மேலே சொன்ன மாதிரி வாய்விட்டுக் கேட்பது, 30 பேரிடம் வெள்ளோட்டம். அவசரமென்றால் திரும்ப ஆங்கிலமாக்குவதைக்கூட விடுங்கள், வாய்விட்டுக் கேட்பதை விடாதீர்கள். பாடநூல்காரர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். படிவத்தை எடுத்தாளும் நிபந்தனைகளையும் முன்கூட்டியே பாருங்கள்.

ஷிஃப்ட்_பி

எல்லாம் சரி தோழர்களே. ஆனா 'மீதிப் பாதி லைன் என்ன ஆகும்னு முடிவாகலை'ன்னு முதல் பதிவிலேயே இருக்கு. அதை விட்டுட்டு ஆளோட மனசை அளந்துட்டு இருக்கோம். நிச்சயமின்மை இருக்கிறது நிர்வாகத்தோட திட்டத்துல. தொழிலாளியோட குணத்துல தேடி என்ன கிடைக்கும்?

ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் நின்னுச்சு. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் கார் தயாரிப்பு நின்னுச்சு. அங்க இருந்தவங்க எல்லாரும் 120-க்கு 120 வாங்கியிருந்தாலும் ஆலை மூடாம இருந்திருக்குமா? அடுத்த வேலை கிடைக்கிறதுல வயசு, கையிருப்பு, வீட்டுக் கடன், பக்கத்துல இன்னொரு ஆலை இருக்கா இல்லையா, எல்லாம் சேர்ந்துதானே வருது. இதையெல்லாம் உங்க படிவம் எங்க கேக்குது?

வழித்துணை

கேட்கவில்லை தோழர், அது அந்தப் படிவத்தின் வேலையும் இல்லை. இதற்கு நான்சி ஷ்லாஸ்பெர்கின் சட்டகம் இருக்கிறது. 1981 முதல் வளர்ந்து வந்தது. ஒருவர் மாற்றத்தைச் சமாளிப்பதை நான்கு பக்கமிருந்து பார்க்கச் சொல்கிறது: சூழல், தன்னிலை, ஆதரவு, உத்தி. சி.ஏ.ஏ.எஸ். தொடுவது பெரும்பாலும் தன்னிலையை மட்டும். மற்ற மூன்றுக்கும் மார்க் வேண்டாம், நேர்காணலில் நேரடிக் கேள்விகள் போதும். மாற்றம் எப்போது தெரிந்தது, எவ்வளவு முன்னறிவிப்பு? வீட்டில் வேறு வருமானம் உண்டா? சம்பளம் நின்றால் எத்தனை மாதம் ஓடும்? இதே நேரத்தில் மகள் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வேறு சுமை உண்டா? யாரிடம் போய்ப் பேசுவீர்கள்? கடைசியாக வேலை மாறியபோது முதலில் என்ன செய்தீர்கள்?

ஒருவர் தேடலில் (படிவத்தின் 'ஆர்வம்' பகுதியில்) 12 வாங்கியிருக்கிறார், கையிருப்பு பத்து நாளுக்குத்தான் என்றால், அவர் 'வாய்ப்புகளை ஆராயாதது' குணக்குறை ஆகாது. ஆராய நேரமில்லை.

அளவைமணி

தோழர் சொன்னதில் எனக்கும் உடன்பாடு. ஒரு நூலிழை மட்டும் சேர்க்கிறேன். இங்கே மூன்று வேறு விஷயங்கள் ஒரே பெயரில் உலவுகின்றன.

வேலைநிலையின்மை என்பது 'என் வேலை போய்விடும்' என்ற மதிப்பீடு. அது சரியான மதிப்பீடாகவே இருக்கலாம். தகவமைவு என்பது மாறினால் எடுத்தாள ஒருவரிடம் உள்ள வளம். மூன்றாவது, நிச்சயமின்மையைப் பொறுக்க முடியாமை. இதற்குத் தனி அளவுகோல் உண்டு. மூல வடிவம் 27 கேள்வி, 2007-ல் கார்ல்டன் குழு 12-ஆகச் சுருக்கியது. 7 கேள்வி 'முன்கூட்டியே எல்லாம் தெரிந்தாக வேண்டும்' என்ற பக்கம், 5 கேள்வி 'தெளிவில்லாவிட்டால் கைகால் ஓடாது' என்ற பக்கம். பணியிடத்தில் இடைஞ்சலாவது அந்த ஐந்துதான். முன்கூட்டித் தெரிய விரும்புகிறவர் பல சமயம் நல்ல பணியாளர், செக்லிஸ்ட் எழுதுகிறவர் அவர்தான். ஆனால் இது பதற்றக் கோளாறு ஆய்விலிருந்து வந்த கருவி. ஆலையில் மொத்தமாக விநியோகிக்காதீர்கள். ஆலோசகர் ஒருவரோடு ஒருவர் பேசும்போது தேவைப்பட்டால் எடுக்கலாம்.

லேத்_மொழி

படிவம் பற்றி நிறையப் பேசியாச்சு. கடைசல் பிரிவில் பார்க்க வேண்டியது கையை. 40 நிமிட வேலை மாதிரி ஒன்று வையுங்க.

ஃபானுக் கம்பெனி கன்ட்ரோலில் (கணினி லேத்தை ஓட்டற பேனல்) பழகினவரை சீமென்ஸ் கன்ட்ரோல் முன்னால நிறுத்துங்க. ஃபானுக் லேத்தில் டூல் எண்ணும் ஆஃப்செட் எண்ணும் (டூலோட அளவுத் திருத்தம்) ஒட்டி 0101-னு நாலு இலக்கமா வரும். சீமென்ஸில் டூலுக்குத் தனி எண், வெட்டு முனைக்குத் தனி எண். பழக்கதோஷத்தில் அதே பக்கத்தைத் தேடுவாங்க, கிடைக்காது. அந்த இடத்தில் என்ன செய்யறார்ங்கிறதுதான் சோதனை. வேகத்துக்கு மார்க் கிடையாது. டிராயிங்கில் ஒரு டாலரன்ஸை (அளவு எவ்வளவு கூடிக் குறையலாம்ங்கிற வரம்பு) வேணும்னே எழுதாம விடுங்க. மேனுவல் பக்கத்தில் இருக்கட்டும், கேட்டா பதில் சொல்ல ஒருத்தர் நிற்கட்டும், ஆனா அவரா வாய் திறக்கக்கூடாது. ஸ்பிண்டில் ஓடாம டிரை ரன், அல்லது மெழுகுத் துண்டு. மெஷினை இடிச்சுட்டு என்னைத் திட்டாதீங்க.

மதிப்பெண் 1, 3, 5-க்கு நடத்தை எழுதி வையுங்க. 1: விடுபட்ட டாலரன்ஸைக் கவனிக்காம ஓட்டறார், அல்லது 'இது நம்ம மெஷின் இல்ல'ன்னு கை கட்டி நிற்கறார். 3: ஏதோ இல்லைனு தெரியுது, பழைய பாகத்து அளவை ஊகமாப் போடறார், கேட்டா காரணம் சொல்றார். 5: நிறுத்தறார், விடுபட்டதைக் கேக்கறார், மேனுவலில் ஆஃப்செட் பக்கத்தைத் தேடறார், முதல் பீஸை அளந்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போறார். 2-ம் 4-ம் நடுவில் விழறவங்களுக்கு.

ரெண்டு பேர் தனித்தனியாப் போடணும், பேசிக்கிட்டுப் போடக்கூடாது. ரெண்டு புள்ளிக்கு மேல வித்தியாசம் வந்தா உட்கார்ந்து பேசுங்க. ஒருத்தர் அவரோட சொந்த ஃபோர்மேனா இருக்கவே கூடாது. பத்து வருஷப் பகையும் பாசமும் அந்த 40 நிமிஷத்துக்குள்ள வந்துரும்.

அளவைமணி

அருமை. ஆராய்ச்சிப் பக்கமிருந்து ஒரு வரி: எலேன் புலகோஸ் குழு 2000-ல் தகவமைந்த செயல்பாட்டை எட்டாகப் பிரித்தது. அவற்றில் 'புது வழியில் தீர்வு காண்பது', 'நிச்சயமில்லாத நிலையில் செயல்படுவது', 'புது முறை கற்பது' மூன்றும் உங்கள் சோதனையில் வருகின்றன. மீதி, உதாரணமாக வேறு கலாச்சாரத்தவரோடு ஒத்துப்போவது, இந்த வேலைக்குத் தேவையில்லை. எட்டையும் அளக்கிறேன் என்று படிவம் நீட்டுவது பலரும் செய்யும் வீண்வேலை.

கொங்கு_ட்ரெய்னிங்

எல்லாருக்கும் நன்றி. வேலையை எப்படி நடத்தறதுன்னு சொல்லுங்க. கேண்டீன்ல 40 பேரா உட்கார வச்சுக் குடுக்கலாமா?

வழித்துணை

40 வேண்டாம், 15. இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு கொடுக்காதீர்கள், ஷிஃப்டின் முதல் மணி நேரத்தில் கொடுங்கள். சூப்பர்வைசர் அறையில் இருக்கக்கூடாது. படிப்பு குறைந்தவர்கள் இருந்தால் ஒவ்வொரு வரியையும் ஒருவர் ஏற்ற இறக்கம் இல்லாமல் உரக்கப் படிக்கட்டும், எல்லோரும் சேர்ந்து குறிக்கட்டும். அப்போது யாருக்குப் படிக்க வராது என்பதும் வெளியே தெரியாது. தொடக்கக் குறிப்பில் 'எல்லாவற்றிலும் யாரும் கெட்டிக்காரர் இல்லை, ஆளுக்கு ஆள் வலு வேறு' என்ற கருத்து மூலத்திலேயே இருக்கிறது, அதை விழுங்காமல் வாசியுங்கள். அது இல்லாவிட்டால் தேர்வு மாதிரி ஆகிவிடும்.

நேரம் சுமார் 10 நிமிடம். 2 நிமிடத்தில் திரும்பி வந்த தாளையும், 24-க்கும் ஒரே எண் உள்ள தாளையும் தனியே வையுங்கள். தூக்கி எறியாதீர்கள். ஒரு பிரிவிலிருந்து மட்டும் அப்படி நிறைய வந்தால் அங்கே யாரோ 'எல்லாம் அஞ்சு போடு' என்று சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதுவே ஒரு தகவல்.

அளவைமணி

160 பேரை வைத்து 24 கேள்விக்குக் காரணிப் பகுப்பாய்வு (கேள்விகள் நிஜமாகவே நான்கு பகுதியாகப் பிரிகின்றனவா என்று பார்க்கும் கணக்கு) செய்து 'தமிழ் வடிவம் நிரூபணமானது' என்று அறிவிக்க ஆசை வரும். அடக்குங்கள், 300 பேராவது வேண்டும். பகுதிவாரி ஆல்ஃபா பாருங்கள், ஒவ்வொரு கேள்விக்கும் தன் பகுதியின் மற்ற கேள்விகளோடு உள்ள தொடர்பைப் பாருங்கள். 0.30-க்குக் கீழ் போகும் கேள்வியைச் சொல்தச்சனிடம் திருப்பி அனுப்புங்கள். பெரும்பாலும் அந்த 'நம்பிக்கை' வரிதான் மாட்டும் என்று நினைக்கிறேன்.

பயிற்சியால் பலனுண்டா என்று மேலிடம் கேட்டால்: நெதர்லாந்தில் பட்டதாரிகளுக்குத் தகவமைவுப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வந்தது. வேலை கிடைத்தவர்களில் பயிற்சி பெற்றவர்கள், அரை ஆண்டு கழித்து, தங்களுக்குக் கிடைத்த வேலையின் தரம் மேல் என்று சொன்னார்கள். ஆனால் அவர்கள் புதுப் பட்டதாரிகள். 45 வயது ஆப்பரேட்டருக்கு அப்படியே பொருந்தும் என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஷிஃப்ட்_பி

தாள்ல பேர் எழுதச் சொல்வீங்களா?

வழித்துணை

கூடாது. எண் மட்டும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் ஆலோசகரிடம் இருக்கட்டும், எச்.ஆர். கணினியில் ஏறக்கூடாது. அவரவர் மார்க்கை அவரவரிடம் மட்டும், நேரில், வாய்மொழியாக. சங்கப் பிரதிநிதி ஒருவருக்கு முன்கூட்டியே படிவத்தைக் காட்டிவிடுங்கள். பின்னால் வரும் வதந்தியைவிட அது மலிவு.

கொங்கு_ட்ரெய்னிங்

அப்ப எக்செல் கேட்டவங்களுக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது?

லேத்_மொழி

ஒரே பக்கம் குடுங்க. பிரிவுவாரி நாலு பகுதிச் சராசரி, எத்தனை பேருக்கு எந்த வகைப் பயிற்சி, எத்தனை மணி நேரம், எந்தத் தேதியில் தொடங்கணும். கை சோதனை முடிவையும் பிரிவுவாரியாவே போடுங்க. அதோட, மீதி லைன் பற்றி எந்தத் தேதிக்குள்ள முடிவு சொல்வாங்கன்னு ஒரு காலி இடம் விட்டு அவங்க கையெழுத்துக்கு அனுப்புங்க.

அளவைமணி

கூடவே, பத்துப் பேருக்குக் குறைவான பிரிவைத் தனி வரியாகக் காட்டாதீர்கள். டூல் ரூமில் நாலு பேர்தான் என்றால் அந்தச் சராசரி பெயர் சொன்ன மாதிரிதான். பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள்.